கடற்காற்றாலைக் கட்டுப்பாட்டு ஒருங்கியம்

கடற்காற்றாலைக் கட்டுப்பாட்டு ஒருங்கியம் (கட்டுப்பாட்டு அமைப்பு) என்பது கடலில் நிறுவப்படும் காற்றுச் சுழலியின் சுழற்சி வேகம், இறக்கைகளின் கோணம், முகப்பின் திசை, மின்னியற்றியின் முறுக்குவிசை ஆகியவற்றை இடைவிடாது அளந்து, வேண்டிய அளவுக்கு மாற்றியமைக்கும் உணரிகள், கணிப்பொறிகள், இயக்கிகள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். அனல்மின் நிலையத்தில் எரிபொருளைக் கூட்டிக் குறைப்பது போலக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. ஆகவே, வருகின்ற காற்றிலிருந்து எவ்வளவை எடுத்துக்கொள்வது, எவ்வளவை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதே இங்கு கட்டுப்பாடு எனப்படுகின்றது.

நிலத்துக் காற்றாலையிலும் பெரும்பாலும் இதே கருவிகளே உள்ளன. எனினும் கடலில் காற்றோடு அலையும் சேர்ந்து கோபுரத்தைத் தாக்குகின்றது. சில வகைச் சுழலிகளில் அடித்தளமே மிதந்து ஆடுகின்றது. மின்சாரம் நீண்ட கடலடிக் கம்பிவடங்களின் வழியே கரையை அடைகின்றது. பழுது ஏற்பட்டால் ஆள் அனுப்புவதும் எளிதன்று. நிலத்தில் குறையின்றி இயங்கிய கட்டுப்பாட்டு நெறி ஒன்று கடலில் சுழலியையே ஆட்டிக் கெடுக்கக்கூடும் என்பது மிதக்கும் காற்றாலைகளை வடிவமைத்தபோது தெளிவாயிற்று. அது கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.

வரலாறு

உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை 1991-இல் டென்மார்க்கின் லோலாண்ட் தீவை ஒட்டி, விண்டபி என்னுமிடத்தில் அமைக்கப்பட்டது. அதில் தலா 450 கிலோவாட் திறனுள்ள 11 சுழலிகள் இருந்தன. அவற்றின் இறக்கைகள் நடுக்குடத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டவை. அவற்றின் கோணத்தை மாற்ற இயலாது. காற்று மிகும்போது காற்றோட்டம் இறக்கையின் முதுகுப்புறத்தை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும். அதனால் இறக்கையைச் சுழற்றும் தூக்குவிசை தானாகவே குறைந்துவிடும். அதாவது, கட்டுப்பாடு இறக்கையின் வடிவத்திலேயே அமைந்திருந்தது. எளிமையும் உறுதியும் இம்முறையின் சிறப்புகள். ஆனால் சுழற்சி வேகம் ஏறக்குறைய மாறாமல் இருந்ததால், காற்றின் ஒவ்வோர் அடியும் பற்சக்கரப் பெட்டிக்கும் அங்கிருந்து மின்தொகுப்புக்கும் நேராகச் சென்றது. சுழலிகள் பெரிதாகப் பெரிதாக இது தாங்க முடியாத சுமையாயிற்று. விண்டபிப் பண்ணை கால் நூற்றாண்டு இயங்கிய பின் 2017-இல் அகற்றப்பட்டது.

2002-இல் டென்மார்க்கின் மேற்குக் கடலில் அமைக்கப்பட்ட ஹோர்ன்சு ரெவ் பண்ணையில் தலா 2 மெகாவாட் திறனுள்ள 80 சுழலிகள் நிறுவப்பட்டன. இவற்றின் இறக்கைகள் தம் நீள அச்சைச் சுற்றித் திரும்பக்கூடியவை. அன்றிலிருந்து, திரும்பும் இறக்கையும் மாறும் சுழற்சி வேகமும் கொண்ட சுழலிகளே கடலில் பொதுவழக்கம் ஆயின.

அடிப்படைச் செயற்பாடு

காற்றில் உள்ள திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமைவது. காற்றின் வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்காகும். இதனாலேயே ஒரே நெறியைக் கொண்டு எல்லாக் காற்று வேகங்களிலும் சுழலியை இயக்க முடிவதில்லை.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட 5 மெகாவாட் மேற்கோள் சுழலியைக் கொள்ளலாம். இது கட்டப்பட்ட சுழலி அன்று. உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் ஒரே அளவுகளைக் கொண்டு கணக்கிடுவதற்காக வரையறுக்கப்பட்ட கணிப்பொறி மாதிரி. இதன் சுழலக விட்டம் 126 மீட்டர். நடுக்குடம் 90 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தை எட்டும்போது சுழலி இயங்கத் தொடங்குகின்றது; 11.4 மீட்டரில் முழுத்திறனை அடைகின்றது. 25 மீட்டரைத் தாண்டினால் நிறுத்தப்படுகின்றது. முழுத்திறனில் சுழலகம் நிமிடத்துக்கு 12.1 முறை மட்டுமே சுற்றுகின்றது. பார்வைக்கு மெதுவாகத் தோன்றினாலும், இறக்கையின் நுனி அப்போது நொடிக்கு ஏறத்தாழ 80 மீட்டர், அதாவது மணிக்கு 290 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் செல்கின்றது.

முழுத்திறனை எட்டும் வேகத்துக்குக் கீழே காற்றிலிருந்து இயன்ற அளவு மிகுதியாக ஆற்றலைப் பெறுவதே நோக்கம். எந்தச் சுழலியாலும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் பெற இயலாது. இது பெட்சு வரம்பு எனப்படும். இவ்வரம்பை நெருங்க வேண்டுமாயின் நுனி வேகத்துக்கும் காற்று வேகத்துக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட விகிதம் நிலைத்திருக்க வேண்டும். இறக்கைகள் நிலையான கோணத்தில் வைக்கப்பட்டு, மின்னியற்றியின் முறுக்குவிசை சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதமாக அமைக்கப்படுகின்றது. இவ்வாறு செய்தால் காற்றின் வேகத்தை அளக்காமலேயே சுழலகம் தனக்குரிய வேகத்தைத் தானே தேடிக்கொள்கின்றது. காற்றளவி இறக்கைகளுக்குப் பின்னால், கலங்கிய காற்றில் இருப்பதால் அதன் அளவீட்டை முழுமையாக நம்ப முடியாது. எனவே அதைச் சாராத இந்நெறி மிகவும் பயனுள்ளது.

முழுத்திறனுக்கு மேல் நோக்கம் தலைகீழாகின்றது: வேண்டாத காற்றை விட்டுவிட வேண்டும். காற்று மிகும்போது பாயைத் தளர்த்தும் படகோட்டியைப் போல, கட்டுப்படுத்தி இறக்கைகளைக் காற்றின் போக்குக்கு இணையாகச் சிறிது சிறிதாகத் திருப்புகின்றது. சுழற்சி வேகம் குறித்த அளவிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதையும், அவ்விலகல் காலப்போக்கில் எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதையும் கொண்டு திருப்பக் கோணம் கணக்கிடப்படுகின்றது. பலத்த காற்றில் கோணத்தின் சிறு மாற்றமும் பெரும் விளைவைத் தருமாதலால், கோணம் மிகமிகக் கட்டுப்படுத்தியின் துடிப்பு குறைக்கப்படுகின்றது.

காற்றுத் திசைக்கு ஏற்பக் கோபுர உச்சியிலுள்ள பொறிக்கூட்டைத் திருப்பும் வேலை மிக மெதுவாக நடைபெறுவது. நொடிக்கு ஒரு பாகைக்கும் குறைவாகவே அது திரும்புகின்றது. ஒரே பக்கமாகப் பலமுறை திரும்பிவிட்டால் கோபுரத்தினுள் தொங்கும் மின்வடங்கள் முறுக்கிக்கொள்ளும். ஆகவே சுற்றுகளை எண்ணி வைத்து, காற்றுக் குறைந்த நேரத்தில் கட்டுப்படுத்தியே எதிர்ப்பக்கமாகச் சுற்றி அவிழ்த்துவிடுகின்றது.

கோபுர அதிர்வு

கடலடித் தரையில் ஊன்றிய கோபுரத்துக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. மேற்கூறிய சுழலியில் முழு வேகத்தில் சுழலகம் நொடிக்கு ஏறத்தாழ 0.2 முறை சுற்றுகின்றது. மூன்று இறக்கைகளும் கோபுரத்தைக் கடந்து செல்லும் அதிர்வெண் 0.6 ஹெர்ட்சு. கோபுரத்தின் இயல்பதிர்வெண் இவ்விரண்டுக்கும் இடையே விழுமாறு வடிவமைப்பது வழக்கம். ஆனால் சுழலகம் மெதுவாகச் சுற்றும் வேளையில் இறக்கைகள் கடக்கும் அதிர்வெண் இறங்கி வந்து கோபுரத்தின் அதிர்வெண்ணோடு ஒன்றிவிடக்கூடும். அப்போது கட்டுப்படுத்தி அக்குறிப்பிட்ட வேகத்தில் தங்காமல் விரைவாகக் கடந்துவிடுகின்றது.

முன்பின்னாக ஆடும் கோபுரத்தைச் சுழலும் இறக்கைகளே காற்றின் தடையால் அடக்குகின்றன. பக்கவாட்டில் ஆடினால் அத்தகைய துணை மிகக் குறைவு. கடலில் அலை ஒரு திசையிலும் காற்று மற்றொரு திசையிலும் வரும் நாட்களில் பக்கவாட்டு ஆட்டம் மிகுகின்றது. அதனை உணர்ந்து மின்னியற்றியின் முறுக்குவிசையைச் சற்றே கூட்டிக் குறைத்து ஆட்டத்தைத் தணிக்கும் நெறிகளும் உள்ளன. நிறுத்தப்பட்ட சுழலிக்கு இறக்கைகளின் தணிப்பும் கிடைப்பதில்லை. ஓய்ந்து நிற்கும் சுழலி பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பழுதாகி நின்ற நாட்களில் அலையடியால் அடித்தளத்துக்கு ஏற்படும் களைப்புச் சேதம் வடிவமைப்பாளர்கள் தனியே கணக்கிட வேண்டிய ஒன்று.

மிதக்கும் காற்றாலையும் எதிர்மறைத் தணிப்பும்

ஏறத்தாழ 60 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் கடலடியில் கோபுரத்தை ஊன்றுவது செலவு மிக்கதாகிவிடுவதால், மிதக்கும் அடித்தளங்கள் பயன்படுத்தப்படுகின்றன. முழு அளவிலான, மெகாவாட் திறனுள்ள முதல் மிதக்கும் காற்றாலை ஹைவிண்ட் ஆகும். நார்வேயின் ஸ்டாட்டாயில் நிறுவனம் (2018 முதல் எக்குவினோர்) இதனை 2009-இல் கார்மோய் தீவிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், 200 மீட்டர் ஆழமுள்ள கடலில் நிறுவியது. நீர்மட்டத்துக்குக் கீழே 100 மீட்டர் வரை இறங்கும் எஃகு உருளையின் மேல் 2.3 மெகாவாட் சுழலி நின்றது. உருளையின் அடியில் பாரம் நிரப்பப்பட்டு, மூன்று நங்கூர வடங்களால் அது பிணைக்கப்பட்டிருந்தது.

முழுத்திறனுக்கு மேல் காற்று மிகும்போது இறக்கைகள் திருப்பப்படுவதால், சுழலியைப் பின்னோக்கித் தள்ளும் விசை கூடுவதில்லை, மாறாகக் குறைகின்றது. மேற்கோள் சுழலியில் 11.4 மீட்டர் வேகத்தில் உச்சத்திலிருக்கும் தள்ளுவிசை, 25 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகின்றது. சிக்கலின் வேர் இதுவே.

மிதவை அலையால் முன்னோக்கி, அதாவது காற்றை எதிர்த்துச் சாய்கின்றது என்று கொள்வோம். அப்போது இறக்கைகள் உணரும் காற்று மிகுகின்றது. கட்டுப்படுத்தி அதனை உண்மையான காற்று மிகுதி என்றே கொண்டு இறக்கைகளைத் திருப்புகின்றது, தள்ளுவிசை குறைகின்றது, தடுக்க வேண்டிய விசை தளர்ந்ததால் மிதவை மேலும் முன்னே சாய்கின்றது. பின்னோக்கித் திரும்பும்போது உணரப்படும் காற்று குறைகின்றது. இறக்கைகள் காற்றை நோக்கித் திருப்பப்படுகின்றன. தள்ளுவிசை கூடி மிதவையை மேலும் பின்னே தள்ளுகின்றது. ஊஞ்சலில் இருப்பவரை, அவர் போகும் திசையிலேயே ஒவ்வொரு முறையும் தள்ளிவிடுவதற்கு இது ஒப்பாகும். ஆட்டத்தை அடக்க வேண்டிய விசை அதனை வளர்ப்பதால் இது எதிர்மறைத் தணிப்பு எனப்படுகின்றது. இங்கு எந்தக் கருவியும் பழுதுபடவில்லை. கட்டுப்படுத்தி தனக்கு இட்ட வேலையைச் சரியாகவே செய்கின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

நிலத்திலோ கடலடித் தரையிலோ ஊன்றிய சுழலிக்கு இத்தொல்லை பெரும்பாலும் நேராததற்குக் காரணம் கால அளவு. ஊன்றிய கோபுரம் ஓர் ஆட்டத்தை ஏறத்தாழ 3 நொடியில் முடித்துவிடும். திருப்பக் கட்டுப்படுத்தியின் இயல்பான காலம் 10 நொடி அளவினது. கட்டுப்படுத்தி விழித்துக்கொள்வதற்குள் ஆட்டம் திசை மாறிவிடுகின்றது. ஹைவிண்ட் போன்ற உருளை மிதவையோ ஒருமுறை ஆட ஏறத்தாழ 30 நொடி எடுத்துக்கொள்கின்றது. கட்டுப்படுத்தி அதனை முழுமையாகப் பின்தொடர முடிகின்றது. அதனாலேயே கேடு விளைகின்றது.

ஹைவிண்ட் கடலில் நிறுவப்படும் முன்பே 2005-இல் நார்வேயின் டிரோண்ட்ஹெய்ம் நகரிலுள்ள கடல்தொழில்நுட்ப ஆய்வகத்தின் தொட்டியில் சிறு மாதிரி ஒன்று வெவ்வேறு கட்டுப்பாட்டு நெறிகளோடு சோதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் வெளிவந்த நார்வே ஆய்வுக் கட்டுரைகள் இவ்விளைவையும் அதனைத் தவிர்க்கும் வழிகளையும் விரித்துரைத்தன.

மிக எளிய தீர்வு கட்டுப்படுத்தியை மிதவையை விட மெதுவாக்குவது. 5 மெகாவாட் மேற்கோள் சுழலியை ஹைவிண்ட் வகை மிதவையில் வைத்துக் கணக்கிட்டபோது, கட்டுப்படுத்தியின் இயல்பதிர்வெண் நொடிக்கு 0.6 ரேடியனிலிருந்து 0.2 ரேடியனாகக் குறைக்கப்பட்டது. அதாவது அதன் இயல்பான காலம் ஏறத்தாழ 30 நொடியாக நீண்டது. அதனுடன், முழுத்திறனுக்கு மேல் திறனை மாறாமல் வைப்பதற்குப் பதிலாக முறுக்குவிசையை மாறாமல் வைக்கும் நெறியும் மேற்கொள்ளப்பட்டது. மிதவை அமைதியுற்றது. ஆயினும் இதற்கொரு விலை உண்டு: சுழற்சி வேகமும் வெளிவரும் திறனும் முன்னைவிட மிகுதியாக ஏறி இறங்குகின்றன. இறக்கைத் திருப்பம் என்னும் ஒரே கைப்பிடியைக் கொண்டு சுழற்சி வேகம், மிதவையின் சாய்வு ஆகிய இரண்டையும் ஒருசேரச் சீராக வைக்க முடிவதில்லை. பொறிக்கூட்டின் அசைவை முடுக்க உணரியால் அளந்து அதற்கேற்பக் கட்டளையைத் திருத்துவதும், மின்னியற்றியின் முறுக்குவிசையை இரண்டாவது கைப்பிடியாகப் பயன்படுத்துவதும் பின்னர் ஆராயப்பட்ட வழிகள்.

2017-இல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் நகருக்கு அப்பால் தலா 6 மெகாவாட் திறனுள்ள ஐந்து மிதக்கும் சுழலிகளோடு ஹைவிண்ட் ஸ்காட்லாந்து பண்ணை இயங்கத் தொடங்கியது. இதுவே உலகின் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணை. போர்த்துக்கலின் வியானா டோ கஸ்தெலோ நகருக்கு அப்பால் 2020-இல் முழுமையடைந்த விண்ட்ஃப்ளோட் அட்லாண்டிக் பண்ணை வேறு வழியைக் கையாள்கின்றது. அதன் மூன்று தூண் மிதவையில், காற்றால் ஏற்படும் நிலையான சாய்வை ஈடுசெய்யத் தூண்களுக்கு இடையே நீர் இறைத்து மாற்றப்படுகின்றது. இது மெதுவான கட்டுப்பாடு. அலைக்கு ஏற்ப அன்றி, காற்றின் சராசரி வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப இயங்குவது.

இறக்கைகளின் தனித்தனிக் கட்டுப்பாடு

உயரத்தில் காற்று மிகுதி, தாழ்வில் குறைவு. ஆகவே ஒவ்வோர் இறக்கையும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை மேலே வளைந்து கீழே தளர்கின்றது. இறக்கையின் அடியில் வளைவை அளந்து, மூன்று இறக்கைகளையும் வெவ்வேறு கோணங்களில் திருப்பி இச்சுமையைக் குறைக்கும் முறையை எர்வின் பொசானி 2003-இல் வெளியிட்ட கட்டுரை விளக்கியது. திருப்பும் இயக்கிகளும் தாங்கிகளும் விரைவில் தேய்வது இம்முறையின் குறை.

பாதுகாப்பும் பழுதும்

மின்தொகுப்பு திடீரெனத் துண்டிக்கப்பட்டால் மின்னியற்றியின் தடை மறைந்து, சுழலகம் சில நொடிகளில் அளவு கடந்த வேகத்தை எட்டிவிடும். இதனைத் தடுக்க இறக்கைகள் விளிம்பு காற்றைப் பார்க்குமாறு ஏறத்தாழ 90 பாகை திருப்பப்படுகின்றன. ஒவ்வோர் இறக்கைக்கும் தனி இயக்கியும், மின்கலம் அல்லது அழுத்த எண்ணெய்க் கலம் போன்ற தனிச் சேமிப்பும் உண்டு. ஒன்று செயலிழந்தாலும் மற்றவை சுழலகத்தின் வேகத்தை அடக்கும். முதன்மைக் கணிப்பொறியே தவறினாலும் இயங்குமாறு, மிகைவேகம், மிகையதிர்வு ஆகியவற்றைக் கண்டறியும் பாதுகாப்புச் சுற்று தனியாக வைக்கப்படுகின்றது.

அலை 1.5 மீட்டரை விஞ்சினால் சிறு படகிலிருந்து கோபுரத்துக்கு ஏறுவது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. நிலத்தில் ஒரு மணி நேரத்தில் மாற்றக்கூடிய உணரிக்காகக் கடலில் சுழலி வாரக்கணக்கில் நிற்க நேரலாம். எனவே முக்கிய உணரிகள் இரட்டையாகவோ மும்மையாகவோ வைக்கப்படுகின்றன. ஓர் உணரி கெட்டால் மற்றவற்றைக் கொண்டு கணக்கிட்டுக் குறைந்த திறனில் தொடர்ந்து இயங்கவும் கட்டுப்படுத்திகள் எழுதப்படுகின்றன. ஹோர்ன்சு ரெவ் பண்ணையில் மின்மாற்றிகளிலும் மின்னியற்றிகளிலும் கண்ட குறைகளைச் சீர்செய்ய, 2004-இல் 80 பொறிக்கூடுகளும் கழற்றப்பட்டுக் கரைக்குக் கொண்டுவரப்பட்டன. கடலில் பழுதின் விலையை இத்துறையினர் உணர்ந்த நிகழ்வு இது.

பண்ணை அளவிலான கட்டுப்பாடு

முன்னால் நிற்கும் சுழலி காற்றின் ஆற்றலை எடுத்துக்கொள்வதால் பின்னால் உள்ளவற்றுக்கு மெலிந்த, கலங்கிய காற்றே எஞ்சுகின்றது. 2008 பிப்ரவரி 12 அன்று ஹோர்ன்சு ரெவ் பண்ணையில் எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்றில், ஒவ்வொரு சுழலியின் பின்னும் மூடுபனி வால்போல நீண்டு அடுத்த சுழலியைச் சூழ்வது தெளிவாகத் தெரிகின்றது. முன்வரிசைச் சுழலியை வேண்டுமென்றே சில பாகை விலக்கி நிறுத்தினால் இவ்வால் பக்கவாட்டில் ஒதுங்கும். முன்னது சிறிது இழந்தாலும் பின்னது அதைவிட மிகுதியாகப் பெறக்கூடும். ஒவ்வொன்றும் தன் நலத்தை மட்டும் நோக்கும்போது பண்ணையின் மொத்த உற்பத்தி உச்சத்தை அடைவதில்லை என்பது இதன் அடிப்படை.

மின்தொகுப்பும் 2019 ஆகஸ்ட் 9 நிகழ்வும்

தொடக்கத்தில் மின்தொகுப்பில் கோளாறு ஏற்பட்டால் காற்றாலைகள் உடனே விலகிக்கொள்ள வேண்டும் என்பதே விதி. காற்றாலைகள் பெருகிய பின், அவை ஒருசேர விலகினால் தொகுப்பே சரியும் நிலை உண்டாயிற்று. 2003-இல் ஜெர்மனியின் ஈ.ஆன் மின்தொகுப்பு நிறுவனம், மின்னழுத்தம் சிறிது நேரம் வீழ்ந்தாலும் காற்றாலைகள் இணைப்பில் நீடிக்க வேண்டும் என்று விதித்தது. பிற நாடுகளும் இவ்வாறே விதிகளை வகுத்தன.

இங்கிலாந்தின் யார்க்சயர் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது ஹோர்ன்சீ ஒன்று பண்ணை. 2019-இல் அது கட்டி முடிக்கப்படும் நிலையில் இருந்தது. ஆகஸ்ட் 9 மாலை 4.52 மணிக்கு இலண்டனுக்கு வடக்கே ஒரு மின்தடத்தை மின்னல் தாக்கியது. இது அடிக்கடி நேர்வதே; தடமும் சில நொடிகளில் மீண்டது. ஆனால் அதனால் எழுந்த சிறு மின்னழுத்த மாற்றத்துக்கு எதிர்வினையாற்றிய ஹோர்ன்சீயின் கட்டுப்பாட்டு ஒருங்கியம், அடங்க வேண்டிய அலைவை அடக்காமல் வளரவிட்டது. மின்னோட்டம் வரம்பு மீறவே பாதுகாப்புச் சுற்றுகள் சுழலிகளைத் துண்டித்தன. பண்ணையின் உற்பத்தி 799 மெகாவாட்டிலிருந்து 62 மெகாவாட்டாக வீழ்ந்தது. அதே வேளையில் லிட்டில் பார்ஃபோர்டு எரிவளி மின்நிலையமும் விலகியது. தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்சிலிருந்து 48.8 ஹெர்ட்சாக இறங்கியது. தொகுப்பைக் காக்கும் பொருட்டு 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோரின் இணைப்பு தானியங்கியாகத் துண்டிக்கப்பட்டது. முக்கால் மணி நேரத்துக்குள் மின்சாரம் மீண்டது. எனினும் அதிர்வெண் 49 ஹெர்ட்சுக்குக் கீழே சென்றதும் சிலவகைத் தொடர்வண்டிகள் தம் மென்பொருளின்படி நின்றுவிட்டன. அவற்றுள் சிலவற்றை நுட்பப் பணியாளர் நேரில் சென்றே மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. பயணிகள் மணிக்கணக்கில் காத்திருந்தனர்.

ஹோர்ன்சீயின் சுழலிகள் எவையும் சேதமடையவில்லை. மிதவையில் கண்டது போன்ற தணிப்புக் குறைவே இங்கு மின்னலைவாக வெளிப்பட்டது. பின்னர் கட்டுப்பாட்டு மென்பொருள் திருத்தப்பட்டது. பிரித்தானிய ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் 2020 ஜனவரியில் தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. ஹோர்ன்சீ, லிட்டில் பார்ஃபோர்டு ஆகிய இரண்டின் உரிமையாளர்களும் தலா 45 இலட்சம் பவுண்டு செலுத்த ஒப்புக்கொண்டனர்.